வால்டருக்கு வைத்த தேத்தண்ணி

படத்துக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. இராசமலர் துவாயால் துடைத்தாள். போகவில்லை. அது உட்பக்கம்.

"துலைஞ்சு போ" என்று படத்தை மேசையில் நிறுத்தினாள்.

ஹில்ஸ்பரோ முதியோர் இல்லத்தில் அவள் பராமரிக்கும் டோரத்திக்குத் தொண்ணூற்றேழு வயது. கனடாவில் கோதுமை வயல்களுக்கு நடுவே பிறந்தவள். அவளுடைய அண்ணன் வால்டர் குண்டுவீச்சு விமானத்தின் வாலில் துப்பாக்கியோடு உட்கார்ந்து போய், இருபத்தொரு வயதில் ஜெர்மனிக்கு மேல் செத்தவன். வருடாவருடம் அவன் செத்த நாளில் அவன் படத்துக்குத் தேத்தண்ணி வைக்கவேண்டும். பெரிய தியாகி! தூங்குகிற ஊர்மேல் நெருப்பைக் கொட்டப் போனவனுக்குப் பூ, பதக்கம், பால் விட்ட தேத்தண்ணி. கிளிநொச்சியில் அப்படியொரு விமானத்துக்குத் தம்பியைப் பறிகொடுத்தவள் இராசமலர்.

"அவனுக்குக் குளிரும். சூடாகக் கொடு" என்று கட்டிலில் கிடந்த டோரத்தி ஆங்கிலத்தில் முனகினாள்.

"ஓம், துரைக்குக் குளிருமாம்." இராசமலர் படத்தின் பக்கம் திரும்பினாள். "எத்தினை பேரைக் கொன்றனீ? சொல்லன்." படத்துக்கு முன்னால் வைத்த கோப்பையை எடுத்து, அவன் முகத்துக்கு நேரே தானே குடித்தாள்.

பல் கூசியது. இப்போதுதான் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தேத்தண்ணி, ஐஸ் போல.

ஹீட்டரின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, சுவருக்குள் இறங்கி, தரை வழியாக ஏறி அவள் முழங்காலை நடுங்க வைத்தது. பினாயில் வாசனையை அமுக்கிக்கொண்டு பெற்றோலும் கருகிய ரப்பரும் மணத்தன. யன்னலுக்கு வெளியே மாலை வெயில் அப்படியே இருக்க, அறைக்குள் மட்டும் நிழல் நீண்டது. அழைப்பு மணியை அழுத்தினாள். சத்தமில்லை.

முதுகுக்குப் பின்னால் மூச்சு. உயரப் பறக்கிறவர்கள் மாட்டும் ரப்பர் முகமூடிக்குள் இழுத்து விடும் மூச்சு.

இவனுக்கா பயப்படுவது? இந்தக் கொலைகாரனுக்கா?

"போடா" என்றாள். வாயிலிருந்து வெண்புகைதான் வந்தது.

மூச்சு அவளைக் கடந்து போனது. கட்டிலை நோக்கி.

டோரத்தி கண் திறந்தாள். சிரித்தாள். சுவரோரம் ஒதுங்கிப் போர்வையைத் தூக்கினாள்.

"வா, வால்டர்."

மெத்தை அமுங்கியது. தலையணையில் குழி. போர்வைக்குள் ஒரு தோள். ஒரு மார்பு. மெல்ல ஏறி இறங்கியது.

"அவன் காலையும் மூடிவிடு" என்றாள் டோரத்தி.

பழகிப்போன கை, இராசமலரைக் கேட்காமலே நீண்டது. போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தது.

இடுப்புக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. சிவப்பாய் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.