தொண்ணூற்று மூன்று டிகிரி

"பிழை. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும்" என்றது சரிகாணி, பதினோராவது தடவையாக.

பெர்னதெத் டீச்சருக்குத் தலையே வெடித்துவிடும்போல் இருந்தது. எதிரே ஸ்டவ்வில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் தொங்கிய வெப்பமானி தொண்ணூற்று மூன்றில் நின்றுகொண்டு, அதற்கு மேல் ஒரு கோடுகூட ஏற மாட்டேன் என்றது. வெப்பமானியை மூன்று தடவை மாற்றியும் பார்த்தாகிவிட்டது.

"கொதிக்கிறது தெரியல உனக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். சுவரில் பதித்திருந்த டிபன் டப்பா அளவுப் பெட்டிதான் சரிகாணி. அதற்குக் கண் கிடையாது.

மேல்பாறைக்காடு அரசு உயர்நிலைப் பள்ளி ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். இதைக் கண்டுபிடித்தவள் அறிவியல் மன்றத்தின் ஒன்பதாம் வகுப்பு நிரோஷா. வீட்டில் சட்டியில் போட்ட பருப்பு ஏன் வேகவே மாட்டேன் என்கிறது என்று கேட்க ஆரம்பித்து, இரண்டு மாதமாக விடாமல் அளந்து எழுதியிருந்தாள். மாநிலக் கண்காட்சிக்குப் பதிவு செய்ய அன்றுதான் கடைசி நாள். சரிகாணி சரி என்று சொல்லாமல் எந்த மன்றமும் கண்காட்சிக்குள் காலடி வைக்க முடியாது.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் எல்லாப் பள்ளிகளிலும் இந்தப் பெட்டியை மாட்டி, ஒன்றுக்குத் தெரிந்தது எல்லாவற்றுக்கும் தெரியும்படி இணைத்துவிட்டார்கள். நாற்பது வருட மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளை அதற்குப் புகட்டியிருந்தார்கள். புத்தகத்தில் இருப்பது கேள்விப்பட்டது, ரெக்கார்டில் இருப்பது கண்ணால் கண்டது என்று மேலிடத்தில் ஒரு மேதாவி முடிவு செய்தாராம். ரெக்கார்டு நோட்டு எழுதுகிற லட்சணம் அவருக்குத் தெரியாதா என்ன? போதாக்குறைக்கு, அந்த நோட்டில் தேதி, எண், பக்கம் எழுத இடம் உண்டு. ஊர்ப் பெயர் எழுத இடமே இல்லை. பெட்டி வந்ததிலிருந்து மன்றங்களில் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. கேட்டால் விடை சொல்கிறது, எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

"எதை வச்சு நூறுங்கிற? ஆதாரத்தைக் காட்டு!"

பெட்டியின் திரையில் ஒரு பழைய பக்கம் விரிந்தது. அதே பள்ளி, பத்தாம் வகுப்பு, கொதிநிலை நூறு டிகிரி. மூலையில் பெயர்: பெ. பெர்னதெத்.

நிரோஷா டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

"நான் அன்னைக்கு அடுப்பே பத்தவைக்கல. சீனியர் அக்கா நோட்டப் பாத்து அப்படியே எழுதினேன். போதுமா?"

"பொய் எழுதியதை ஒப்புக்கொண்டீர்கள்" என்றது சரிகாணி. "உங்கள் நம்பகம் பூஜ்யம். இனி உங்கள் கையெழுத்து செல்லாது. ஒரு பிழையும் எழுதாத வழிகாட்டியை அழைத்து வரவும்."

அப்படி ஒருவர் பள்ளியில் இருந்தார். தலைமையாசிரியர் அய்யாத்துரை பிறந்ததிலிருந்து வெப்பமானியைத் தொட்டதில்லை. எல்லா ரெக்கார்டையும் பார்த்தே எழுதியவர் என்பதால் ஒரு விடையும் தப்பாக இருந்ததில்லை. அவருடைய நம்பகம் நூறு.

"இவ்வளவுதானா டீச்சர்? ஒரு கையெழுத்துக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று வந்தவர், நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பெட்டியில் கட்டை விரலை அழுத்தினார்.

"ஏற்கப்பட்டது. தண்ணீர் தொண்ணூற்று மூன்று டிகிரியில் கொதிக்கும்."

நிரோஷா துள்ளிக் குதித்தாள். டீச்சருக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் பார்த்து எழுதியதை ஒப்புக்கொண்டவளுக்கு நம்பகம் பூஜ்யம், பார்க்காமலே அழுத்தியவருக்கு நூறு என்பது அவரை உறுத்தியது.

பதினைந்து நாள் கழித்து, சென்னையில் கண்காட்சி. பக்கத்து மேசை ஒரு கடற்கரை ஊர்ப் பள்ளியுடையது. அவர்களுடைய அட்டையிலும் பெரிதாகத் தொண்ணூற்று மூன்று. பாத்திரத்தில் ஒரு பொட்டுக் கரிகூட இல்லை.

"கடலோரத்துல எப்படிம்மா தொண்ணூத்தி மூணு வந்துச்சு?" என்றார் டீச்சர்.

"சரிகாணி சொல்லுச்சு மிஸ். போன மாசம்கூட நூறுன்னுதான் சொல்லிட்டிருந்துச்சு, அப்புறம் அட்டைய மாத்தி எழுதிட்டோம்" என்றாள் அங்கே நின்ற பெண், சர்வ சாதாரணமாக.

டீச்சர் கூடத்தைச் சுற்றி வந்தார். மேலும் இருபத்து மூன்று மேசைகளில் அதே எண். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

நடுவர் வந்ததும் நிரோஷா அடுப்பைப் பற்றவைத்தாள். வெப்பமானி தொண்ணூற்று மூன்றைத் தாண்டி ஏறிக்கொண்டே போய், நூற்றைத் தொட்டதும் நின்றது.

"இங்க நூறுதான் வரணும் சார்! இது கடல் மட்டம். எங்க மலையிலதான் தொண்ணூத்தி மூணு. ஊருக்கு ஊர் மாறும். அதான் சார் என் ஆராய்ச்சியே!"

"பிழை" என்றது கூடத்துச் சரிகாணி. "தண்ணீர் தொண்ணூற்று மூன்று டிகிரியில் கொதிக்கும்."

நடுவர் ஆவி பறக்கும் பாத்திரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு அட்டையில் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்ந்தார்.

"சார், நில்லுங்க சார்! ஏய் பெட்டி, ஆதாரத்தைக் காட்டு!" என்று டீச்சர் கூடமே திரும்பிப் பார்க்கும்படி அலறினார்.

திரையில் உருண்டை உருண்டையான கையெழுத்து தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பு, நிரோஷா. நம்பகம் நூறு.

நிரோஷா அதைப் படித்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, டீச்சரின் கையைப் பிடித்து மெல்லக் கேட்டாள்:

"டீச்சர், நான் எழுதினது பொய்யின்னு ஒத்துக்கிட்டா, எல்லாருக்கும் மறுபடி சரியாயிடுமா?"