தொட்டிக் கெளுத்தி

பழைய குளியலறையைப் புதுப்பிக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும். பிறகு வண்டலை அள்ள வேண்டும். பிறகு பாசியையும் பழைய காரையையும் செங்கல் தெரியும்வரை சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, மூன்று நாள் காயவிட வேண்டும். அழுக்கின் மேல் பூசுகிறவன் கொத்தனார் இல்லை, களவாணி. இன்னொன்றும் உண்டு. அந்த அறையிலிருந்து எடுப்பது எதுவானாலும் குப்பைக் குழிக்குத்தான் போக வேண்டும், ஓர் ஆணிகூட வீட்டுக்குப் போகக் கூடாது. இருபது வருஷமாக இதை ஊருக்கெல்லாம் ஓதியவன் நான். மீறியவனும் நான்தான்.

1929ஆம் வருஷம். மலாயாவில், செடெனாக் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் பழைய துரை சீமைக்குப் போய் எட்டு மாதமாகப் பங்களா பூட்டிக் கிடந்தது. புதுத் துரை மனைவியோடு வருகிறார் என்றும், சிங்கப்பூரிலிருந்து அவருக்குப் பீங்கான் குளியல் தொட்டி ரயிலில் வருகிறது என்றும் எஸ்டேட் ஆபீஸ் பெரிய கிராணி ஆள் அனுப்பினார். நானும் என் கையாள் செல்லப்பனும் காலையில் சாமான்களோடு போனோம். பங்களாச் சமையல்காரர் ஆதம் காக்கா ஜொகூர் பாருவுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். சாவி வாசற்படியில் இருந்தது.

குளியலறைக் கதவைத் திறந்ததும் செல்லப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"அலமாக்! என்னண்ணே இது, எலி செத்துக் கெடக்கா?"

எலி நாற்றம் எனக்குத் தெரியும். இது வேறு. ஊறிப்போன சோப்பும், புளித்த பாலும், அழுகிய துணியும் கலந்த நாற்றம். தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. சுவரெல்லாம் கறுப்புப் பாசி, தொட்டால் கையோடு வந்தது. மூலையில் இடுப்பளவு சிமெண்டுத் தொட்டி. கூரைத் தண்ணீர் தகரக் குழாய் வழியாக அதற்குள் விழுந்துகொண்டிருந்ததால் விளிம்புவரை நிறைந்திருந்தது. மேலே ஆடை படர்ந்திருந்தது, ஆறிய பாலில் படர்வது போல. மனிதன் குளிக்கிற இடமா இது? வெள்ளைக்காரன் வெளியேதான் வெள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

இறைக்க ஆரம்பித்தோம். பாதித் தொட்டி காலியானபோது உள்ளே ஏதோ புரண்டது.

கெளுத்தி மீன்.

கொசுப் புழு தின்பதற்காகத் தொட்டிகளில் கெளுத்திக் குஞ்சு விடுவது இங்கே வழக்கம்தான். விரல் நீளத்தில் இருக்கும். இது என் கை நீளம் இருந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய தோல் வெளுத்து, ஊறிய பாதத்தின் நிறத்தில் இருந்தது. கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் அதன் செவுளில் விரலை விட்டுத் தூக்கினேன். கெளுத்தி பிடிபட்டால் கரகரவென்று கத்தும்.

இது கத்தவில்லை. சிணுங்கியது.

"குழில போடுண்ணே," என்றான் செல்லப்பன், பின்னால் நகர்ந்தபடி. "ஊத்தத் தண்ணில வளந்தது. பாக்கவே குமட்டுது."

எனக்கும் குமட்டியது. ஆனால் அப்போது என் மனைவி ராசம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கு ஆறு மாதம். முன்பு இரண்டு கரு மலேரியாக் காய்ச்சலில் கலைந்துபோயின. இந்தத் தடவை எது தின்றாலும் வாந்தி. "இப்படியே பட்டினி கெடந்தா இதுவும் தங்காது, லெட்சுமணன்," என்று எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸர் மணியம் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். நாலு நாளாக அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மீன். மழையில் சந்தை கூடவில்லை.

எடை மூன்று காட்டி தேறும். சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

எங்கே பிடித்தது என்று கேட்டாள். ஆற்றில் என்று பொய் சொன்னேன். சாம்பலும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தாள். கொழகொழப்பு விடவில்லை. ஏழு தண்ணீரில் கழுவியும் எட்டாவது தண்ணீரில் சோப்பு நுரை வந்தது. வயிற்றைக் கீறியதும் மஞ்சள் கொழுப்பு பிதுங்கியது. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

குழம்பு கொதித்த வாசனையிலேயே எனக்கு வாயில் நீர் ஊறியது, வாந்தி வருவதற்கு முன்பு ஊறுமே, அந்த நீர். அவளோ சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். நடுமுள்ளைச் சப்பினாள். தலையை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சினாள். மீசையைக்கூட விடவில்லை. அருவருப்பில் எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அவளுக்கு வாந்தி வரவில்லையே, பிள்ளை தங்கிவிடும் என்ற சந்தோஷம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

மறுநாள் வண்டல் அள்ளினோம். செல்லப்பன் தொட்டிக்குள் இறங்கி வாளியில் வழித்துக் கொடுத்தான், நான் வாங்கிக் குழியில் கொட்டினேன். முழங்கால் ஆழம் சேறு. தலைமுடி கற்றை கற்றையாக வந்தது. சோப்பு கரைந்து கொழுப்புக் கட்டியாக உறைந்திருந்தது. ஒவ்வொரு வாளியும் கவிழும்போது ஏப்பம் விடுவது மாதிரி சத்தம் வந்தது.

"எலும்புண்ணே," என்றான் செல்லப்பன். "கோழி போல."

சின்னச் சின்னதாக, என் சுண்டுவிரலைவிட மெல்லியதாக நாலைந்து. யாரோ தின்றுவிட்டுப் போட்டிருக்கிறான் என்று திட்டினேன்.

அடுத்த வாளியில் தேங்காய்ச் சிரட்டை ஒன்று வந்தது.

சேற்றைக் கழுவினேன்.

சிரட்டை இல்லை.

உச்சியில் எலும்பு கூடியிருக்கவில்லை. பிறந்த குழந்தைக்குத்தான் அப்படி இருக்கும்.

செல்லப்பன் தொட்டியிலிருந்து எப்படி வெளியே வந்தான் என்று நான் பார்க்கவில்லை. கதவருகே ஆதம் காக்கா நின்றிருந்தார். ஜொகூர் பாருவிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறார், கையில் பை அப்படியே இருந்தது. என் கையில் இருப்பதைப் பார்த்தார்.

"யா அல்லா," என்றார். "அப்ப அது நெசந்தான்."

"எது காக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "தொரை வீட்டுல ஒரு ஆயா இருந்திச்சி. சின்னப் பொண்ணு. வயித்த மறைச்சிக்கிட்டே வேல செஞ்சிச்சி. ஒரு நாள் வயித்து வலின்னு இதுக்குள்ள போயி தாப்பா போட்டுக்கிச்சி. சாயங்காலம் வெளிய வரைல வயிறு இல்ல. மறுநாளே தொரை அதக் கப்பலேத்தி அனுப்பிட்டாரு. நா தொட்டியக் கலக்கிப் பாக்கல, தம்பி. பயம்."

"மீன்?" என்றேன்.

"நாந்தான் குஞ்சா கொண்டாந்து விட்டேன். தெனமும் சோறு போடுவேன், வந்து திங்கும். அன்னையிலேருந்து சோறு போட்டா சீந்தல. ஆனா பெருத்துக்கிட்டே போச்சி." அவர் காலித் தொட்டியை எட்டிப் பார்த்தார். "எங்க அது?"

செல்லப்பன் என்னைப் பார்த்தான்.

நான் ஓடினேன். ரப்பர் மர நிரைகளுக்குள் விழுந்து எழுந்து எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தபோது ராசம்மா அடுப்படியில் உட்கார்ந்து, காய்ந்த சட்டியை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். சட்டியில் ஒன்றுமே இல்லை.

உப்பைக் கரைத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். "குடி புள்ள. வாந்தி எடு. அது நல்ல மீன் இல்ல, எடுத்துடு."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். நான் தாடையைப் பிடித்தேன். வயிற்றுப் பிள்ளைக்காகத்தான் பிடித்தேன், ஆனாலும் அந்தப் பாவம் என்னைச் சேர்ந்ததுதான். கையைத் தட்டிவிட்டாள். உப்புத் தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது.

"இப்பத்தாங்க நல்லா அசையுது," என்றாள். "ஏன் கலைக்கப் பாக்குறீங்க?"

அதற்கு மேல் கட்டாயப்படுத்த எனக்குத் தைரியம் இல்லை. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மீனைப் பற்றி டிரெஸரிடம் மூச்சு விடவில்லை. என்னவென்று சொல்வது? உடம்பைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மணியம் மரக்குழலை அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். முகம் மலர்ந்தது.

"துடிப்பு நல்லா ஓடுது லா. என்னமோ போட்டு நல்லாக் கவனிச்சிருக்கீங்க."

குழலை இன்னும் கீழே நகர்த்தினார். அங்கே நெடுநேரம் காதை வைத்திருந்தார். மறுபடி மேலே வைத்தார். மறுபடி கீழே.

"லெட்சுமணன், போன மாசம் நா ஒண்ணுன்னுதானே சொன்னேன்?"

"ஆமாங்க."

"ரெண்டு கேக்குது."

மணியம் மறுபடியும் குழலில் காதை வைத்தார்.

"மேல உள்ளது வேகமா அடிக்குது, அது சரி. கீழ உள்ளது..." அவர் முடிக்கவில்லை. குழலை எடுத்துப் பார்த்தார். அதன் வாய் விளிம்பில் நூல் நூலாக ஏதோ கொழகொழத்துத் தொங்கியது. ராசம்மாவின் வயிறு உலர்ந்துதான் இருந்தது.

மணியம் குழலைத் தரையில் போட்டார். பேசினுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினார். எங்கள் பக்கம் திரும்பாமலேயே, பிரசவத்துக்குக் கூலாய் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், இங்கே வர வேண்டாம் என்றார்.

ராசம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை.

"எதுக்குங்க இப்படி வேக்குது உங்களுக்கு?" என்றாள். என் கையை எடுத்து வயிற்றின் மேற்புறத்தில் வைத்தாள். "இது நம்பளுது."

கையைக் கீழே நகர்த்தப் போனாள். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.