மூடிமேல் விளக்கு

சம்ப்புக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் தீபத்தன்று சாயங்காலம் நின்றுபோனது. அப்பாடா என்றுதான் நினைத்தாள் அருணாதேவி.

கோயிலில் தீபத் திருவிழாவுக்குக் கொடியேற்றிய நாளிலிருந்தே அந்தச் சத்தம் அவளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீடு. கார் நிறுத்தும் இடத்தில் தரைக்குக் கீழே சம்ப் என்கிற தண்ணீர்த் தொட்டி, அதற்கு ஓர் ஆள் இறங்கும் அளவுக்குச் சதுரமான இரும்பு மூடி. அந்த மூடியின் அடியிலிருந்து டொக், டொக், டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். பிளம்பர் இருசப்பன் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "மிதவை ஆடுதுங்க மேடம். தண்ணி ஏறும்போது மூடில போய்த் தட்டுது, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி மிதவையைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிதவை போன பிறகும் சத்தம் போகவில்லை.

தண்ணீர் வேறு கரிக்க ஆரம்பித்தது. "போர்வெல்ல உப்பு ஜாஸ்தியாயிடுச்சு" என்றான் அவள் கணவன் சகாதேவன். எதைக் கேட்டாலும் ஒரு காரணத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிற மனுஷன் அவன். உப்பு சரி, தாரும் அழுகிய கயிறும் கலந்த இந்த வாடை எந்த போர்வெல்லில் வரும் என்று கேட்டாள் அவள். அந்த வாடை குழாயில் வந்தது, துவைத்த துணியில் வந்தது, குளித்துவிட்டு வந்த மகள் இனியாவின் தலைமுடியிலும் வந்தது.

அருணாதேவி கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். அவளுடைய ஆராய்ச்சி ஒரு போர்க்கப்பலைப் பற்றியது. மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கப்பல் ஆராய்ச்சியா என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்து ஓய்ந்துவிட்டார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தக் கரையோரம் கடலில் அடித்துக்கொண்ட காலம். கடலூருக்கு எதிரே 'பெல் அரோர்' என்ற பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலேயர் பிடித்தார்கள். கொடியை மாற்றி, அதே பீரங்கிகளோடு, அதே போருக்கு அதைத் திருப்பி ஓட்டினார்கள். ஆராய்ச்சியில் முக்கால்வாசி இந்தக் கடற்போரின் கதைதான்.

ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அதன் ஒரு மூலைதான். அந்தக் கப்பலில் நம் கரையோரத்து ஆட்களும் இருந்தார்கள், கூலிக்குப் போன தச்சர்களும் பாய்மரம் இழுப்பவர்களும். கப்பலைப் பிடித்த ஆங்கிலேயரோ கொஞ்சம் பேர்தான். இந்தக் கூலியாட்கள் எதிர்த்து எழுந்துவிடுவார்களோ என்று பயந்து, எல்லோரையும் அடித்தளத்தில் இறக்கி, மேலே கதவைப் போட்டு ஆணி அடித்துவிட்டார்கள். ஓர் அதிகாரி மட்டும் குனிந்து வாக்குக் கொடுத்தான். ஆபத்து தாண்டியதும் இந்தக் கதவின்மேல் விளக்கு வைப்போம், விளக்கு வைத்தால் நீங்கள் வெளியே வரலாம் என்றான். ஆங்கிலத்தில் சொன்னான். கீழே இருந்தவர்களில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது.

அவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். புயல் வந்தது, அடித்தளத்தில் தண்ணீர் ஏறியது, விளக்கை யாரும் வைக்கவில்லை. துறைமுகத்தில் கதவைத் திறந்தபோது அத்தனை பேருடைய விரல்களிலும் நகங்கள் தேய்ந்துபோயிருந்தன என்று ஒரு மாலுமி பிற்பாடு விசாரணையில் சொன்னான். அதைப் படித்த அன்று அருணாதேவிக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை அவளுடைய ஆராய்ச்சிக்கு வாய்மொழித் தேர்வு. ஆங்கில மேற்கோள்களைத் தமிழாக்கிச் சொல்ல வேண்டும் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். கொடியேற்றிய நாளிலிருந்து, காற்று வரும் என்று கார் நிற்கும் இடத்தில் நாற்காலி போட்டு, சம்ப் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் அந்த வாக்கைத் தமிழில் எழுதி முடித்து, முதல்முறையாக வாய்விட்டுப் படித்தாள்.

"கதவின்மேல் விளக்கு வைப்போம். விளக்கு வைத்தால் நீங்கள் வெளியே வரலாம்."

சத்தம் நின்றது அப்போதுதான்.

ஆறு மணி நெருங்கியது. சகாதேவனுக்குத் தீபத்துச் சிறப்புப் பேருந்துகளில் வேலை, நாளைக்குத்தான் வருவான். ஊரில் லட்சக்கணக்கில் கூட்டம், போனில் சிக்னலே இல்லை. அடுக்களையில் அகல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். பட்டுப்பாவாடையும் புதுப் பச்சைக் கண்ணாடி வளையலுமாக இனியா எதிரே நின்றாள். ஏழு வயதில் பெரிய மனுஷித் தோரணை.

"அம்மா, வாசல்ல ரெண்டு, துளசிகிட்ட ஒண்ணு. மத்தது நான் வெக்கறேன்."

"மலைல தெரிஞ்சப்புறம்தான் ஏத்தணும், தெரியுமில்ல?"

"தெரியும்மா." தட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். வளையல் சத்தம் வாசல் பக்கம் போய்த் தேய்ந்தது.

தெரு விளக்குகள் அணைந்தன. வீட்டு விளக்குகளையும் எல்லோரும் அணைத்தார்கள். ஊரே மலையைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்த அந்த இருட்டில், ஜன்னல் வழியே உச்சியில் ஒரு பொட்டு நெருப்பு தெரிந்தது, பிறகு பெரிதாக எரிந்தது. பக்கத்து மாடிகளிலிருந்து "அரோகரா" என்று குரல்கள் எழுந்தன. அருணாதேவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண் கலங்கியது.

வாசலில் இரண்டு, துளசிக்கு ஒன்று. மற்றது எங்கே? போன வாரம் சகாதேவன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. தண்ணி இருக்கற எடத்துல கண்டிப்பா ஒரு விளக்கு வெக்கணும் கண்ணு. மோட்டார்கிட்ட ஒண்ணு. சம்ப் மூடிமேல ஒண்ணு.

எண்ணெய்க் கிண்ணம் கையிலேயே நின்றது.

மிதவையைக் கழற்றியும் நிற்காத சத்தம். அது தானாக ஓயவில்லை. அவள் படித்தது கீழே கேட்டிருக்கிறது. இத்தனை காலம் புரியாமல் தட்டியவர்களுக்கு இன்றைக்குத்தான் புரிந்திருக்கிறது. அதனால்தான் தட்டவில்லை. காத்திருக்கிறார்கள்.

"இனியா!"

ஓடினாள். கூடத்து நாற்காலி காலில் இடித்தது. வாசற்கதவு. இருட்டு. அந்த வாடை.

மூடிமேல் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. காற்று அடித்தது, சுடர் அசையவில்லை. மூடி தரையோடு இல்லை. ஒரு விரல் உயரத்துக்கு எழும்பியிருந்தது. நான்கு பக்கமும் ஒரே மட்டமாக. எண்ணெய் சிந்தாதபடி. இன்னும் கொஞ்சம் எழும்பியது.

பாய்ந்து உள்ளங்கையால் சுடரை அழுத்தினாள். சுட்டது. அணைந்தது. மூடி டமாரென்று விழுந்தது.

எழுந்து இருட்டில் துழாவினாள்.

"இனியா? எங்கடி இருக்க?"

காலில் தட்டு இடறியது. பக்கத்தில் தீப்பெட்டி. இனியா இல்லை. கேட் உள்ளே பூட்டியபடி இருந்தது.

டொக் டொக் டொக் டொக். கீழேயிருந்து. அந்தப் பழைய தட்டல் இல்லை. வேகமாக. சின்னதாக.

"அம்மா."

மூடியின் பிடியைப் பற்றி இழுத்தாள். சகாதேவன் ஒற்றைக் கையால் தூக்குகிற மூடி. அசையவில்லை. ஓரத்தைத் தடவினாள். விரலில் தட்டுப்பட்டன. ஆணிகள். தடித்த, துருப்பிடித்த ஆணிகள். வரிசையாக.

"அம்மா, இருட்டா இருக்கும்மா. தண்ணி ஏறுது."

"ஐயோ என் தங்கமே! யாராவது வாங்களேன்!" கத்தினாள். மாடிகளில் அரோகரா. யாருக்கும் கேட்கவில்லை.

"விளக்க ஏத்தும்மா. ஏத்துனாதான் வெளிய வரலாமாம்."

"யாருடி சொன்னா?"

மூடியில் காதை வைத்தாள். தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும்.

"இங்க இருக்கறவங்க. நீதான் சொன்னியாமே."

ஏற்றினால் யாரெல்லாம் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஏற்றாவிட்டால் யார் வரமாட்டாள் என்றும் தெரியும். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது நமுத்திருந்தது. மூன்றாவது பற்றியது. திரியில் வைத்தாள்.

ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழுந்தன. மூடி எழும்பியது. நான்கு ஓரங்களிலும் விரல்கள் தெரிந்தன. ஊறி வெளுத்த, நகமில்லாத விரல்கள். நெருக்கி அடித்துக்கொண்டு. அவள் பக்கத்து ஓரத்தில், அவற்றின் நடுவே, பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு சின்னக் கை.

இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். சில்லென்றிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்தாள்.

அந்தச் சின்ன விரல்களிலும் நகங்கள் தேய்ந்துபோயிருந்தன.