ராஜலட்சுமி சரிபார்த்த நாடா

“எங்க பேக்கப் இருபது வருஷமா ஒரு மெயிலக்கூடத் தொலைச்சதில்ல சார். அமெரிக்காக்காரன்கிட்டகூட இப்படி ஒண்ணு கெடையாது. இங்க செத்துப்போனவங்களே வாரா வாரம் வந்து சரிபார்த்துட்டுப் போறாங்க.”

திருமயத்துக்குப் பக்கத்து ஊரில், நூற்று நாற்பது கதவும் அதில் ஒன்பதுக்கு மட்டும் சாவியும் உள்ள ஒரு வீட்டில், சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஞானமணி இதைச் சொன்னாள். மோர் வேணுமா என்று கேட்கிற அதே குரல்.

சரவணக்குமார் சிரித்தார். சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் ஆலோசகர் அவர். நாற்பத்தைந்து வயதில் பதினான்கு சான்றிதழ். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்துகளை வரிசையாக நட்டால் திருமயம் கோட்டையை ஒரு சுற்று வேலியடைத்துவிடலாம். இலையில் கிடந்த முடியைப் பார்ப்பதுபோல அவர் அந்த வீட்டைப் பார்த்தார். இரண்டாம் கட்டில், ஒரு காலத்தில் ஊறுகாய் ஜாடி அடுக்கிய அறையில், ஒரு முந்திரி ஏற்றுமதிக் கம்பெனியின் மெயில் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டுக்கொட்டகைக்கு ஏசி போட்டதுபோல இருக்கிறது என்றார்.

கம்பெனியை நடத்திய லக்ஷ்மணன் செட்டியார் காலமாகிவிட்டார். மகன்கள் சென்னையில் இருக்கிறார்கள். வீட்டில் மிச்சமிருப்பது செட்டியாரின் தங்கை சொர்ணவல்லி ஆச்சியும், சர்வரைக் கவனிக்க வந்துபோகும் ஞானமணியும்தான். மகன்களுக்கு வீட்டை விற்க வேண்டும். ஆச்சிக்கோ போக்கிடம் இல்லை. பின்கட்டு தன் தங்கைக்கு ஆயுசு வரைக்கும் என்று செட்டியார் ஒன்பது வருஷத்துக்கு முன்பு மெயிலில் எழுதியிருந்தார். ஆச்சி கையிலிருந்த பிரதியைப் போலி என்றார்கள் அண்ணன் பிள்ளைகள். அசலைப் பேக்கப்பிலிருந்து எடுத்துப் பார்க்கத் திங்கள்கிழமை கோர்ட்டு கமிஷனர் வருவதாக இருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்னால் சரவணக்குமாரை அனுப்பியிருந்தார்கள். கையில் ஒரு புதுக் கொள்கை: முப்பது நாளுக்கு மேல் எந்த மெயிலும், எந்தப் பேக்கப்பும் இருக்கக் கூடாது. திருட்டுக்குக் கொள்கை என்று பேர் வைத்து ஒரு கோப்பில் போட்டுவிட்டால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது, பாருங்கள்.

அவர் ஞானமணியை விசாரித்தார். வெள்ளிக்கிழமை முழு பேக்கப், மற்ற நாளில் அன்றன்று மாறியது மட்டும், எல்லாம் காந்த நாடாவில் என்றாள். அப்படி எடுத்தால் நடுவில் ஒரு நாள் நாடா கெட்டாலும் அதற்குப் பிந்தையது எதையும் மீட்க முடியாது, கடைசி முழு பேக்கப்புக்குப் பிறகு மாறிய எல்லாவற்றையும் தினமும் எடுத்திருக்க வேண்டும், இதுகூடத் தெரியாதா என்று அவர் உதட்டைச் சுழித்தார். அது ராஜலட்சுமி அக்காவுக்கும் தெரியும், அதனால்தான் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு மெயிலை மீட்டு, வாசித்து, அப்புறம்தான் நாடாவில் கையெழுத்துப் போடுவார் என்றாள் ஞானமணி. மீட்டுப் பார்க்காத பேக்கப், பொங்கிப் பார்க்காத அரிசி என்பாராம்.

பதினாறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ராஜலட்சுமி. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த நாற்காலியில் சாய்ந்து உயிரை விட்டார்.

நாடாக்கள் எங்கே என்று கேட்டதற்கு ஞானமணி ஒரு மரப்பெட்டியைக் காட்டினாள். திறந்தால் பாச்சை உருண்டை வாசம் ஆளைத் தூக்கியது. அந்த வீட்டில் இறந்தவர்களுக்கு வருஷா வருஷம் புதுச் சேலை வைத்துப் படைக்கும் பெட்டி அது. புதுச் சேலையை உள்ளே வைத்த பிறகுதான் போன வருஷத்துச் சேலையை வெளியே எடுப்பார்கள். ஒரு நொடிகூடப் பெட்டி வெறுமையாக இருக்கக் கூடாது. படைப்பு நின்று சேலைகள் தீர்ந்த பிறகு, அதே முறையில் ராஜலட்சுமி நாடாக்களை வைத்தார். தினசரி நாடா இரண்டு வாரம், மாத நாடா ஒரு வருஷம். வருஷ நாடா மட்டும் போகவே போகாது.

“ஆக, எதை எத்தனை நாள் வச்சிருக்கணும்ங்கிற உங்க ரிடென்ஷன் பாலிசியை எழுதினது பேய்,” என்றார் சரவணக்குமார்.

“பேய்னா எளக்காரமா சார்? உங்களோடத எழுதினது யாரு?”

அவர் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் வாசல் வரை போய்த் திரும்பி, அழிப்பதென்றால் முதலில் புதிதாக ஒன்று எடுத்து, மீட்டுப் பார்த்து, பெட்டியில் வைத்துவிட்டு அழியுங்கள் என்றாள். சர்வரை நிறுத்தி மூட்டை கட்டத்தானே வந்திருக்கிறோம், புதுப் பேக்கப் எதற்கு என்று அவருக்குத் தோன்றியது. பதினான்கு சான்றிதழிலும் முதல் பக்கத்தில் போட்டிருக்கும் பாடம் அது. புதியதைச் சோதிக்காமல் பழையதைத் தொடாதே. பேய்க்குத் தெரிந்திருந்தது. இவருக்குத்தான் தெரியவில்லை.

மதியம் மூன்று மணி. வெளியே வெயில், அதில் ஒரு காக்கை பறந்தால் வறுபட்டுத்தான் கீழே விழும். உள்ளே நாடாக்களை ஒவ்வொன்றாகக் கருவியில் போட்டு அழித்துக்கொண்டு வந்தார். பெட்டியில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய நாடா.

அது அழிய மறுத்தது. மூன்று முறை போட்டார், மூன்று முறையும் கருவி வெளியே துப்பியது. அவருக்கு எரிச்சல் வந்தது. நெம்பிப் பிரித்து, உள்ளேயிருந்த நாடாவை முழம் முழமாக உருவித் தரையில் போட்டார். அரை மைல் நீளம் இருக்கும். கத்தரியை எடுத்துக் கண்டபடி வெட்டினார். கறுப்பாக, பளபளவென்று, தலை முழுகிவிட்டு வந்த பெண்ணின் கூந்தல் மாதிரி அது தரையில் குவிந்து கிடந்தது.

பெட்டி வெறுமையானது.

பாச்சை உருண்டை வாசம் இன்னும் கெட்டியானது.

கருவி சுழலத் தொடங்கியது. உள்ளே நாடா எதுவும் இல்லை. மெல்லிய இரைச்சல். நின்றது. கொஞ்சம் பின்னால் போனது. மறுபடி முன்னால். எதையோ தேடி, கண்டு, வாசிக்கிற ஓசை.

திரையில் ஒரு வரி வந்தது: மீட்பு தொடங்கியது. பயனர், ராஜலட்சுமி.

அந்தக் கணக்கை முடக்கினார். அடுத்த வரி வந்தது. பயனர், ராஜலட்சுமி. மின்கம்பியைப் பிடுங்கினார்.

கருவி நிற்கவில்லை.

மெயில்கள் ஒவ்வொன்றாகத் திரையில் திறந்தன. அவசரமில்லை. ஒரு பெண் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் வாசிக்கிற வேகம். வாசித்து முடித்ததும் மூடும். அடுத்தது திறக்கும். செட்டியாரின் மெயில் வந்தது. ‘பின்கட்டு சொர்ணத்துக்கு, அவள் ஆயுசு வரைக்கும்.’ அது வெகுநேரம் திறந்தே இருந்தது.

பிறகு இன்னொன்று திறந்தது.

அது இன்று காலை ஏழு மணிக்கு எழுதப்பட்டது. அவர் தன் கைபேசியிலிருந்து, தன் சொந்த முகவரியிலிருந்து, செட்டியாரின் மூத்த மகனுக்கு அனுப்பி உடனே அழித்தது. இந்தச் சர்வர் பக்கமே வராத மெயில். ‘திங்கள்கிழமை ஆச்சியிடம் ஒரு எழுத்துகூட இருக்காது.’

அதுவும் வாசிக்கப்பட்டது.

காலடியில் ஏதோ உரசியது. குனிந்தார். வெட்டிய துண்டுகள் தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் நுனி இன்னொன்றின் நுனியைத் தேடியது. கருவியின் வாய்க்குள், இடியாப்பத்தைப் பிள்ளை உறிஞ்சுவதுபோல, நாடா மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

தோளுக்குப் பின்னால் யாரோ பக்கம் புரட்டும்போது விடுகிற சின்னப் பெருமூச்சு.

அவர் வெற்றுப் பெட்டியை அறைந்து மூடி, தான் கொண்டுவந்த பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியேறினார். வெளியேறினார் என்று எழுதுவது மரியாதைக்கு. வளவு முற்றத்தைத் தாண்டும்போது ஒரு செருப்பு மட்டும் பின்தங்கியது. அதை அவர் இன்றுவரை எடுக்கவில்லை.

புதுக்கோட்டை லாட்ஜில் குளிர்ந்த நீரில் குளித்தபின் எல்லாம் தெளிவாகிவிட்டது. வெயில், பழைய வயரிங், வெறும் வயிறு. பேயாவது, மண்ணாங்கட்டியாவது. அழித்த நாடாக்களின் எண்களை வரிசையாக எழுதி, கையெழுத்துப் போட்டு, மகன்களுக்கு அறிக்கை அனுப்பினார்.

திங்கள்கிழமை காலை கமிஷனர் வந்தார், கறுப்புக் கோட்டும் கைப்பையுமாக ஒரு பெண் வக்கீல். மகன்கள் தரப்பு வக்கீல் கையில் அந்த அறிக்கை இருந்தது. நாடாக்கள் கொள்கைப்படி அழிக்கப்பட்டுவிட்டன, பெட்டி காலி, பூட்டும் சாவியும் எங்கள் ஆளிடம் என்றார். சொர்ணவல்லி ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கமிஷனர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சரவணக்குமார் தன் சாவியால் தன் பூட்டைத் திறந்தார்.

உள்ளே ஒரு நாடா.

அதன் எண் அறிக்கையின் கடைசி வரியில் இருந்த எண். மேலே சாய்ந்த கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘மீட்டுப் பார்த்தேன். சரி. ரா.’ பக்கத்தில் அன்றைய தேதி.

கருவியில் போட்டார்கள். செட்டியாரின் மெயில் வந்தது, தேதியோடு, அனுப்பிய முகவரியோடு. மகன்கள் தரப்பு வக்கீல் உடனே குதித்தார். அந்தப் பெண் ஞானமணி ஒரு நகலை ஒளித்து வைத்திருக்கிறாள், இது மோசடி, செல்லாது என்றார். ஞானமணி அவரைப் பார்க்கக்கூட இல்லை. அவள் சரவணக்குமாரைப் பார்த்தாள்.

“ஒரு வார்த்தை சொல்லுங்க சார். பொய் சொன்னாலும் சொல்லுங்க. நான் இங்கிட்டுதான் இருப்பேன், அக்காவும் இங்கிட்டுதான் இருப்பாங்க.”

கமிஷனர் பேனாவைத் திறந்துகொண்டு, அழித்த நாடா இதுதானா, வேறா என்று கேட்டார். வேறு என்று ஒரு சொல் போதும், ஆச்சி தெருவில் நிற்பாள். வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகத்தான் இருந்தது.

பின்கழுத்தில் பாச்சை உருண்டை வாசம் வந்து உட்கார்ந்தது.

“இதேதாங்க. நான் உருவி, வெட்டிப் போட்ட நாடா. பெட்டியைக் காலியாப் பூட்டினதும் நான்தான், சாவி என் பையைவிட்டுப் போகல. அந்தம்மா வந்தாங்க. நடந்தது நெசம்.” அவர் கமிஷனரின் பேனாவைப் பார்த்தார். “நிதானமா எழுதுங்க மேடம். பின்னாடி நின்னு படிச்சுக்கிட்டிருக்காங்க.”