நாற்பத்தொன்றாம் எண் கட்டி

ஏழாம் கூண்டில் கூடு இல்லை.

அது பெரிய விஷயமில்லை என்றுதான் முதலில் அவளும் நினைத்தாள். தினமும் வேலை முடிந்து போகும்போது கூண்டுக்கு ஒன்றாக, உள்ளங்கையில் பாதி அளவுச் சதுரப் பஞ்சைப் போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் வந்து பார்த்தால் எலிகள் அதைப் பல்லால் பிய்த்துச் சீவி, கிண்ணம் போலக் கூடு கட்டி, அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுருண்டு கிடக்கும். உடம்பு நன்றாயிருக்கிற எலி நன்றாகக் கட்டும். வலியில் இருக்கிற எலி பஞ்சைத் தொடவே தொடாது. வாயில்லா ஜீவன் தன் நோவைச் சொல்ல வேறு வழி ஏது? அதனால்தான் கூட்டுக்கு மதிப்பெண் போட்டார்கள். தொடாத பஞ்சுக்குப் பூஜ்யம், முழுக் கூட்டுக்கு ஐந்து.

ஏழாம் கூண்டில் பஞ்சு இருந்தது. மிளகு அளவு உருண்டைகளாக, கதவைப் பார்த்த பக்கச் சுவரை ஒட்டி, ஒரே வரிசையில் இருந்தது. பதினொரு உருண்டைகள். நடுவில் விட்ட இடைவெளி அளந்து வைத்தது போல இருந்தது.

அந்த அறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். எலிகள் இருட்டில்தான் விழித்திருக்கும் என்பதால், அங்கே பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் திருப்பி வைத்திருந்தார்கள். வெளியே உச்சிவெயில் மண்டையைப் பிளக்கும். இரண்டு கதவு தாண்டி உள்ளே வந்தால் நடுநிசி. எலிக் கண்ணுக்குத் தெரியாத மங்கிய சிவப்பு விளக்கு ஒன்று, ஈர மரத்தூள் வாடை, காற்றை உள்ளே தள்ளும் குழாயின் ஓயாத இரைச்சல், அதற்கு அடியில் இருபத்து நான்கு கூண்டுகளிலும் சுழலும் சின்னச் சக்கரங்களின் கிறுகிறுப்பு. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தம் அவள் காதுக்குள்ளேயே குடி வந்துவிட்டது. வீட்டில் படுத்தாலும் கேட்கும்.

கூண்டு பராமரிக்கிறவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். எல்லோரும் அவரைக் கூண்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என் வீட்ல ரெண்டு தடிப்பசங்க இருக்கானுங்க மேடம். செருப்பை ஜோடி சேத்து விடத் துப்பில்ல. இதுங்களப் பாருங்க, என்ன ஒழுங்கு!"

"யாராவது கை வெச்சாங்களா?"

"யாரு வெப்பா? நீங்க, நான், இதுங்க. இந்தக் குகைக்கு வேற எவன் வர்றான்?" பேனாவை எடுத்தார். "எத்தனை போட?"

அவள் குனிந்து கூண்டின் மூலைகளைப் பார்த்தாள். களைப்பாக இருந்தது. நேற்று வந்த களைப்பில்லை அது, இருபது வருஷக் களைப்பு.

"பஞ்சு மிச்சம் இருக்கா?"

"ஒரு நூல்கூட இல்ல."

"அப்ப அஞ்சு."

"கூடே இல்லையே மேடம்?"

"எவ்வளவு பஞ்சைப் பிரிச்சிருக்குன்னுதான் விதியில இருக்கு. எப்படி அடுக்கியிருக்குன்னு இல்ல. அஞ்சு போடுங்க."

"விதி யாரை விட்டுது," என்று சிரித்துக்கொண்டே அவர் ஐந்தைப் போட்டார்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எட்டு நாளில் மானியக் குழு வருகிறது. ஏட்டில் மதிப்பெண் குறைந்தால் எலிகள் வலியில் இருக்கின்றன என்று அர்த்தம், பணம் வராது. மனிதப் புற்றுநோயை எலியில் வளர்த்து மருந்தைச் சோதிக்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். ஆனால் எலியில் பலித்த மருந்து மனிதனிடம் பலிக்காமல் போவதுதான் அதிகம். எலி நோயாளியைப் போல இல்லை என்பதே குறை. அந்தக் குறையைச் சரிசெய்கிறோம், அதற்குப் பணம் கொடுங்கள் என்பதுதான் அவளுடைய விண்ணப்பம். போன முறை மறுத்தபோது குழு ஒரே வரி எழுதியிருந்தது: நோயாளியோடு ஒற்றுமை போதாது. இந்த முறையும் மறுத்தால் மாதக் கடைசியில் அறைக்குப் பூட்டு. ஆறு பேருக்கு வேலை போகும். எலிகளை ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். அவற்றோடு நாற்பத்தொன்றும் முடியும்.

நாற்பத்தொன்று என்பது ஒரு கட்டியின் எண். யாருடைய கட்டி என்பது ஏட்டில் கிடையாது, பெயர் எழுதக் கூடாதென்பது சட்டம். ஆனால் அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அறுவை அறையிலிருந்து வந்த குப்பியில் அவளே எண் ஒட்டினாள். சொந்த இரத்தத்தை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்ற விதியும் அவளுக்குத் தெரிந்ததுதான். இருந்தும் ஒட்டினாள்.

அது அவளுடைய அக்கா.

மற்ற நாற்பது பேருடைய கட்டிகளும் எலியில் பிடிக்காமல் போயின. அக்காவுடையது மட்டும் பிடித்தது. உறைய வைத்துப் பார்த்தார்கள். உறைந்தது திரும்ப உயிர்க்கவில்லை. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு எலியிலிருந்து எடுத்து அடுத்த எலிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. இப்போது முப்பத்தாறாவது தலைமுறை. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று உலகம் சொன்னது. இந்த அறையில் அக்காவின் ஒரு துளி சூடாக, துடிப்பாக இருந்தது. அதைக் கைவிட அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மூன்றாம் கூண்டிலும் ஒன்பதாம் கூண்டிலும் வரிசை இருந்தது. அதற்கடுத்த நாள் நாற்பத்தொன்றை வைத்த பன்னிரண்டு கூண்டுகளிலும். எல்லாம் கதவுப் பக்கச் சுவரை ஒட்டியே இருந்தன. கூண்டுக்காரர் ஒவ்வொன்றாய் ஐந்து, ஐந்து என்று போட்டுக்கொண்டே போனார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

அன்று அறையை விட்டு வெளியே வரும்போது, கையுறையைக் கழற்றிக் கூடையில் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மருத்துவமனைப் படுக்கை. கால்மாட்டில் கிடந்த போர்வை. அக்கா அதிலிருந்து பஞ்சு பஞ்சாய்ப் பிய்த்து, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, கட்டிலின் கம்பி ஓரமாய் அடுக்குவாள். துப்புரவு செய்கிறவள் துடைத்துக்கொண்டு போவாள். அக்கா மறுபடி அடுக்குவாள்.

நடைபாதையில் நின்றபடியே அக்கா மகளுக்கு ஃபோன் செய்தாள்.

"என்ன சித்தி, இந்த நேரத்துல? சாப்பிட்டீங்களா இல்லையா? எலிக்கு வேளாவேளைக்கு போடுறீங்க, உங்க வயித்த மறந்துடுறீங்க."

"சாப்பிடுறேன்டா. ஒண்ணு கேக்கணும். அம்மா ஆஸ்பத்திரியில பஞ்சை உருட்டி உருட்டி வெப்பாளே. அது எதுக்கு?"



"உங்களுக்குத் தெரியாதா சித்தி? தெரியும்னு நெனச்சேன். கால் மணி நேரத்துக்கு ஒண்ணு. நீங்க வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எண்ணுவாங்க."

"என்னையா?"

"பின்ன? நீங்க வந்து டாக்டர்கிட்ட சொன்னா ஊசியை நிறுத்திடுவாங்கன்னு நெனச்சாங்க. 'அவ வரட்டும், அவ சொன்னா கேப்பாங்க, போதும்னு சொல்லச் சொல்றேன்'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க." அக்கா மகள் மூக்கை உறிஞ்சினாள். "விடுங்க சித்தி. நீங்க நல்லதுக்குத்தானே இன்னொரு சுத்து ஊசி போடச் சொன்னீங்க."

இன்னொரு சுற்று. அதற்கப்புறம் இன்னொன்று. இரண்டு காகிதத்திலும் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

நான்காம் நாள் அவள் கதவைத் திறந்ததும் முதலில் தட்டுப்பட்டது, எதுவோ குறைகிறது என்பதுதான். குழாய் இரைந்தது. மரத்தூள் வாடை அதே வாடை. சிவப்பு விளக்கு அதே விளக்கு. காது மட்டும் எதையோ தேடித் தேடி ஏமாந்தது. பிறகு புரிந்தது. சக்கரங்கள். ஒன்றுகூடச் சுழலவில்லை.

எலிகள் விழித்திருந்தன. கூண்டுக்கு ஐந்தாக, முன்சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தன. சுரண்டவில்லை, கொறிக்கவில்லை. மீசைகூட அசையவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் இடப்பக்கம் இரண்டடி நகர்ந்தாள். தலைகள் நகர்ந்தன.

கட்டி வைத்த கூண்டுகள் வலப்பக்க அலமாரி. இடப்பக்க அலமாரியில் இருந்தவை ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஆரோக்கியமான எலிகள். அவற்றை எந்தக் கட்டியும் தொட்டதில்லை, அக்காவின் ஒரு அணுகூட அவற்றில் இல்லை. அவள் அந்தப் பக்கம் திரும்ப விரும்பவில்லை. திரும்பினாள்.

அங்கேயும் வரிசை.

"மேடம்," என்றார் பின்னால் நின்ற கூண்டுக்காரர். குரல் தாழ்ந்திருந்தது. "நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? இதுங்கள விட்டுடலாம் மேடம். வேற வேலை பாத்துக்கலாம். எனக்கு இன்னும் மூணு வருஷம்தான் சர்வீஸ், போனா போகுது."

"மத்த நாலு பேரு?"

அவர் பேனாவை எடுத்தார். எல்லாக் கூண்டுக்கும் ஐந்து போட்டுவிட்டு, ஏட்டை மூடி அவள் கையில் கொடுத்தார்.

குழுவில் இரண்டு பேர் வந்தார்கள். தலைவர் வயதானவர், உயரமானவர், இது போல நூறு அறைகளைப் பார்த்துச் சலித்த கண்கள். கூடவே ஒரு பெண், குறிப்பெடுக்க. ஏட்டை இருபது நிமிஷம் புரட்டினார்கள். பிறகு உள்ளே போனார்கள். தலைவர் கூண்டுகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். எலிகள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற அவளைப் பார்த்தன.

"எவ்வளவு அமைதியா இருக்குதுங்க," என்றார் தலைவர். "இவ்வளவு பெரிய கட்டி இருந்தும் மார்க்கு குறையல. எத்தனையோ இடத்துல, எலிக்குக் கட்டி வந்துடுச்சு பாருங்கன்னு காட்டுவாங்கம்மா. நீங்க கட்டியைச் சுமந்துக்கிட்டுக் காத்திருக்கிற நோயாளியையே காட்டுறீங்க."

தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் இதுக்கு எதிரா எழுதப் போறதில்ல. மூணு வருஷம் கேட்டிருக்கீங்க, அஞ்சா தரச் சொல்றேன். மத்த ஆய்வகத்துக்கும் இந்த நாற்பத்தொண்ணை அனுப்பணும். அதுக்கு என்ன வேணுமோ கேளுங்க."

அந்த ஒரு நிமிஷம் அவளுடையதாக இருந்தது. சொல்லியிருக்கலாம். இந்த மதிப்பெண் பொய் என்று சொல்லியிருக்கலாம். அந்த எண்ணுக்குப் பின்னால் யார் என்று சொல்லியிருக்கலாம். போதும் என்ற மூன்றெழுத்து நாக்கு நுனி வரை வந்தது. நூற்றிருபது ஜோடிக் கண்கள் அவள் வாயையே பார்த்திருந்தன. சொன்னால் அறையைப் பூட்டுவார்கள். ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். அக்காவை இரண்டாம் தடவை யார் சாகக் கொடுப்பது?

"அறுபது எலி வேணும் சார்," என்றாள். "புதுசா."

கூண்டுகளுக்குள் ஏதோ தளர்ந்தது. நூற்றிருபது எலிகளும் ஒரே நேரத்தில் தலையைக் கீழே போட்டுக்கொண்டன.

அன்றிலிருந்து பஞ்சை எந்த எலியும் தொடவில்லை.

குழு வந்துபோன பன்னிரண்டாம் நாள் புது எலிகள் வந்தன. வேறெங்கோ தூரத்துப் பண்ணையில் பிறந்து, அங்கேயே முத்திரை வைத்த ஆறு பெட்டிகளில், பெட்டிக்குப் பத்தாக. வெளியே நல்ல மத்தியானம். அவள் மேசையைத் துடைத்தாள். கட்டியின் துணுக்குகளைப் பனிக்கட்டியின் மேல் கிண்ணத்தில் வைத்தாள். ஊசி, கத்தி, மழிக்கும் சின்ன இயந்திரம். வழக்கம் இதுதான்: எலியின் வலது விலாவில் காசு அளவுக்கு முடியை மழித்து, அந்த இடத்தில் தோலுக்கு அடியில் துணுக்கை வைப்பது. மழிப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். துள்ளும், கடிக்கும். கூண்டுக்காரர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவர் முதல் பெட்டியின் முத்திரையைக் கிழித்து மூடியைத் தூக்கினார்.

தூக்கியபடியே நின்றார்.

"மேடம். இதுங்களுக்குப் பண்ணையிலேயே மழிச்சு அனுப்பச் சொன்னீங்களா?"

"இல்லையே."

அவள் வந்து பார்த்தாள்.

பெட்டியின் மூலையில் வெள்ளை முடி சின்னக் குவியலாகக் கிடந்தது. ஒன்றை ஒன்று பல்லால் பிடுங்கியிருக்க வேண்டும். பத்து எலிகளும் இடப்பக்கமாய்ச் சாய்ந்து, கால்களை நீட்டி, பக்கம் பக்கமாய்ப் படுத்திருந்தன. பத்து வலது விலாவிலும் காசு அளவுக்கு வட்டம். வெறும் தோல். இளஞ்சிவப்பு. ஒரு கீறல் இல்லை.

இரண்டாம் பெட்டி. அதே போல.

மூன்றாவது. நான்காவது.

கூண்டுக்காரர் ஐந்தாவதைத் திறக்கவில்லை. கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் வர்றேன் மேடம்," என்றார். கதவு மூடியது. இரண்டாம் கதவும் மூடியது.

அவளே திறந்தாள். ஐந்து. ஆறு.

குழாய் இரைந்துகொண்டிருந்தது. களைப்பாக இருந்தது. உட்கார்ந்தாள். கிண்ணத்தை அருகில் இழுத்தாள். கையுறையை மாட்டினாள். எதுவும் ஓடவில்லை. எதையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஊசியை எடுத்தாள்.

முதல் எலி கண்ணை இறுக மூடி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

பிறகு மற்ற ஐம்பத்தொன்பதும்.