அபோரோசிக்கு ஏற்றிய தண்ணீர்

அறுவை அறையில் ஒரு சொட்டுச் சத்தம் அதிகமாகக் கேட்டது.

நர்ஸ் வசிதிக்கு அந்த அறையின் சத்தங்கள் அத்தனையும் பழக்கம். தகரக் கூரையில் மழை, ஒழுகும் இடத்தில் வைத்த கிண்ணம், டாக்டர் காலடி வாளியில் வந்து விழும் கழுவுநீர், சுவருக்கு அந்தப் பக்கம் உறுமும் ஜெனரேட்டர். இன்று இவற்றோடு இன்னொன்று சேர்ந்திருந்தது. நரம்புக்கு உப்புநீர் ஏறும்போது பைக்குக் கீழே இருக்கும் சின்னக் கூண்டில் சொட்டு விழுமே, அது. பக்கத்தில் நின்றால்கூடக் காதில் விழாத சத்தம். அது எப்படி இவ்வளவு தெளிவாக, அதுவும் ஆள் இல்லாத மூலையிலிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. அங்கே வெறும் கம்பம்தான் நின்றுகொண்டிருந்தது.

மேஜையில் கிடந்தவர் அவளுடைய தாய்மாமா இலைசா. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். அதனால் வாய் மட்டும் ஓயவில்லை.

“நல்லா சுரண்டிருங்க டாக்டர். இன்னொரு தடவ உங்க மூஞ்சிய பாக்க வர முடியாது.”

“முதுகுல போட்ட ஊசிய வாயில போட்டிருக்கணும்,” என்றான் தலைமாட்டில் நின்ற ஷலேந்திரா. மயக்க மருந்து அவன் பொறுப்பு. இந்த மழையிலும் அவன் முகத்தில் வியர்வை.

டாக்டர் செமிசி சிரிக்கவில்லை. மாமாவின் கால்களுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து, உள்ளே விட்ட குழாய் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, வீங்கிப்போய்ச் சிறுநீரை அடைத்த சுரப்பியை மின்கம்பியின் சூட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். உயரத்தில் தொங்கிய பையிலிருந்து தண்ணீர் உள்ளே ஓடி, ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வாளிக்கு வந்தது. இதற்கென்று இருக்கும் கழுவுநீர் கப்பலில் வரவேண்டும். கப்பல் வரும், அது வராது. அதனால் இந்தத் தீவில் எத்தனையோ காலமாக வெறும் சுத்தத் தண்ணீர்தான்.

கழுவுவதற்கு மட்டும்தான் அது. நரம்பில் ஏற்றினால் ரத்த அணுக்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது. ஆனால் தண்ணீரும் உப்புநீரும் ஒரே மாதிரிப் பையில், ஒரே அலமாரியில், தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடந்தன. தனி அலமாரி கேட்டுக் கேட்டு வசிதிக்கு வாய் வலித்துவிட்டது. கடைசியில் வீட்டிலிருந்து சிவப்புக் கம்பளி நூல் கொண்டுவந்து தண்ணீர்ப் பைகளின் கழுத்தில் மட்டும் கட்டி வைத்தாள். நூல் கட்டியது நரம்புக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

டாக்டருக்குப் புரியவில்லை. போன புயல் பருவத்தில், படகு கவிழ்ந்து மண்ணீரல் கிழிந்து வந்த மீனவன் அபோரோசி இதே மேஜையில் கிடந்தான். ரத்தம் பெருக்கெடுத்தது. வசிதி ரத்தம் கேட்டு வெளியே ஓடிய நேரத்தில், டாக்டர் கைக்குக் கிடைத்த பையை இழுத்து அவன் நரம்பில் மாட்டித் தானே இரண்டு கையாலும் பிழிந்து ஏற்றினார். அவள் திரும்பி வந்தபோது அந்தப் பை சப்பையாகத் தொங்கியது. கழுத்தில் சிவப்பு நூல். அபோரோசியின் பங்காளிகள் வரிசையில் நின்று கொடுத்த ரத்தம் அத்தனையையும் அதன் பிறகு ஏற்றினார்கள். ஒன்றும் தங்கவில்லை. ஏற்றியதெல்லாம் கோலா பானத்தின் கறுப்பு நிறத்தில், அவன் சிறுநீர் பிடிக்கும் பையில் வந்து சேர்ந்தது. விடியும்முன் போய்விட்டான்.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

அதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். அடக்கம் முடிந்து சில நாளில் அபோரோசியின் மனைவி சலோட்டே பாயும், சடங்குகளில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரின் கட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நோயாளி பிழைத்தாலும் செத்தாலும் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவது இங்கே வழக்கம். “எங்க ஆளுக்காக நீங்க பட்ட பாட்டுக்கு” என்று அந்த வேர்க்கட்டை டாக்டர் முன்னால் வைத்தாள். டாக்டர் தலை குனிந்து அதைத் தொட்டு, கைகளைக் குவித்துத் தட்டி ஏற்றுக்கொண்டார். அப்படி ஏற்றுக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் நடுவே மனக்குறை ஏதுமில்லை என்று அர்த்தம். பின்னால் உட்கார்ந்திருந்த வசிதியும் கை தட்ட வேண்டியிருந்தது. அன்று பிடித்த எரிச்சல் இன்றும் அவள் நெஞ்சில் தீயாக இருந்தது.

“சொல்லி என்ன ஆகப் போகுது?” என்று அன்றே டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். “என்னய அனுப்பிட்டா இந்தத் தீவுல கத்தி புடிக்க ஆள் யாரு? அப்புறம் அந்த நூல் எல்லாத்தையும் அவுத்துருங்க. பாக்கிறவங்க ஏன்னு கேப்பாங்க.”

தான் செய்த கொலையை மறைக்க, இனிமேல் சாகப்போகிறவனைக் காப்பாற்றும் நூலையும் அறுக்கச் சொல்கிற மனுஷன். அவரிடம்தான் இன்று மாமாவைப் படுக்க வைத்திருக்கிறாள். வேறு வழியில்லை. பெரிய தீவுக்குப் போகும் கப்பல் மாமாவின் அடைப்புக்காகக் காத்திருக்காது. காலையில் யார் அனுமதியும் கேட்காமல் அவிழ்த்த நூலைத் தண்ணீர்ப் பைகளுக்கு மறுபடி கட்டிவிட்டுத்தான் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள்.

மூலையில் அந்தச் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது.

“வசிதி,” என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது. “யாரும்மா அது?”

“யாரு மாமா?”

“மூலையில நிக்கிறது. தொப்பலா நனஞ்சிருக்கான். ஒரு துணி குடு புள்ள, பாவம்.”

மூலையில் கம்பம் மட்டும் நின்றது. ஆனால் அதன் கீழே தரை ஈரமாக இருந்தது.

வசிதி முதலில் பேயை நினைக்கவில்லை. தண்ணீரைத்தான் நினைத்தாள். சுரண்டிய இடத்தில் ரத்தக்குழாய் திறந்தால் கழுவுநீர் அதன் வழியாக உடம்புக்குள் போய்விடும். அப்படி ஆகிறவர்கள் முதலில் பேச்சுத் தடுமாறுவார்கள். இல்லாததைப் பார்ப்பார்கள்.

“டாக்டர், தண்ணி உள்ள இழுக்குது. நிறுத்துங்க. மாமா என்னமோ பேசுறாரு.”

“வந்ததுலேருந்தே என்னமோதான பேசுறாரு.”

“நாடி இறங்குது டாக்டர்,” என்றான் ஷலேந்திரா.

“ரத்தக்குழாய் ஒண்ணு அறுந்திருக்கு. இப்ப வெளிய வந்தா ரத்தத்துலயே போயிருவாரு. நீ போய் ரத்தத்த எடுத்துட்டு வா.”

மாமாவின் ஊர்க்காரர்கள் காலையில் லாரியில் வந்து கொடுத்துவிட்டுப் போன ரத்தம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில் இருந்தது. ஷலேந்திரா மழையில் ஓடினான். கதவு ஆடி ஆடி நின்றது.

“கிட்ட வர்றான்,” என்றார் மாமா.

அப்போதுதான் வாடை வந்தது. கிருமிநாசினி நெடியையும், கருகும் சதை நெடியையும் அமுக்கிக்கொண்டு, கடல் வற்றிய கரையில் வெயிலில் கிடக்கும் வலையின் வாடை, படகு டீசலோடு கலந்து. வசிதி மாமாவின் கைப்பக்கம் திரும்பினாள். அவர் நரம்புக்குப் போகும் பையை அவளே மாட்டியிருந்தாள். உப்புநீர் என்று வாய்விட்டுப் படித்துத்தான் மாட்டினாள்.

அதன் கழுத்தில் சிவப்பு நூல் இருந்தது.

சக்கரத்தைச் சுழற்றிக் குழாயை மூடினாள். பையைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். அலமாரியிலிருந்து வேறொன்று. படித்தாள். உப்புநீர். மறுபடி படித்தாள். மாட்டினாள். திறந்தாள். மாமாவின் நெற்றியைத் துடைக்க ஒரு முறை குனிந்து நிமிர்ந்தாள்.

சிவப்பு நூல். நனைந்த நூல். அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

வாளியைப் பார்த்தாள். இளஞ்சிவப்பாக வரவேண்டிய கழுவுநீர் கறுப்பாக வந்தது. கோலா நிறம். அவளுக்குத் தெரிந்த நிறம்.

“உனக்கும் எனக்கும் என்ன பகை?” என்று மாமா யாரிடமோ கேட்டார். “நான் ஒண்ணும் பண்ணலையேப்பா.”

அந்தக் கேள்வியில் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்தியது. டாக்டர்மேல் கோபம். நன்றி வாங்கிக்கொண்ட கைமேல் கோபம். வந்து நிற்கிறவன்மேலும் கோபம்.

“அபோரோசி,” என்றாள் மூலையைப் பார்த்து. “இவரு இல்ல. ஆள் மாறி வந்து நிக்கிற.”

டாக்டரின் கை நின்றது. கண்ணைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை. “என்ன பேசுறீங்க சிஸ்டர்.”

“அவன் இதயம் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் தண்ணிய ஏத்துனீங்க. உங்க கையாலதான் பிழிஞ்சீங்க. அவன் பொண்டாட்டி கொண்டுவந்து வச்ச வேர வெக்கமில்லாம வாங்கிக்கிட்டீங்க. நானும் பின்னால உக்காந்து கை தட்டுனேன்.”

“வேலையப் பாருங்க.”

“சொல்லுங்க. தண்ணிதான்னு ஒரு தடவ சொல்லுங்க.”

டாக்டர் பெடலை மிதித்தார். அறுந்த ரத்தக்குழாயைச் சுட்டு மூடும் சத்தம் உஸ்ஸென்று எழுந்தது.

மூலையில் சொட்டு நின்றது.

“ஆங், திரும்பிட்டான்,” என்றார் மாமா. மூச்சை நிதானமாக விட்டார். “இப்ப டாக்டர பாக்குறான்.”

வசிதி பையைப் பார்த்தாள். நூல் இல்லை. உப்புநீர். விரலால் மாமாவின் மணிக்கட்டைத் தொட்டாள். நாடி துள்ளிக்கொண்டு வந்தது. வாளியில் விழுவது வெளுத்தது, பிறகு தெளிந்தது. டாக்டர் குழாயை வெளியே எடுத்து, சிறுநீர் வடிக்கும் குழாயைப் பொருத்தி, அதன் நுனிப் பலூனை உப்பவைத்துப் பிடிக்க வைத்தார். அதில் வந்தது சுத்தமாக இருந்தது. மாமா பிழைத்துவிட்டார். வசிதி உயரத்தில் தொங்கிய கழுவுநீர்க் குழாயை மூடினாள். மாமா ஏற்கெனவே குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

டாக்டர் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“முடிஞ்சுது டாக்டர்.”

அவர் கைகள் மடியில் கிடந்தன. கழுவுநீரை மூடிவிட்டாள். ஆனாலும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். டாக்டரின் பச்சை அங்கிக்குக் கீழே, கால்சட்டையின் இரண்டு காலும் நனைந்து ஒட்டியிருந்தன. கறுப்பாக வடிந்தது. வெள்ளை ரப்பர் பூட்ஸ் நிரம்பி விளிம்பில் வழிந்தது.

கோலா நிறம்.

வெறுமையாக நின்ற மூலைக் கம்பம் இப்போது அவர் தோளருகே நின்றது. அதில் ஒரு பை. பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. அதிலிருந்து இறங்கிய குழாய் அவருடைய அங்கியின் கைக்குள்ளே போயிருந்தது. யாரோ பிழிவதுபோல் பையின் வயிறு ஒட்டியது. விட்டது. ஒட்டியது.

டாக்டர் அண்ணாந்து அவளைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே சாம்பல் பூத்த முகம். பேச வரவில்லை. கண்ணால் அந்தக் குழாயைக் காட்டினார். சக்கரத்தைக் காட்டினார். மூடு என்றார் கண்ணால்.

வசிதி ஓடிப்போய்ச் சக்கரத்தில் விரலை வைத்தாள்.

அவள் விரல்மேல் ஒரு கை படிந்தது. குளிர்ந்த கை. ஊறி வெளுத்த தோல், தூண்டில் கயிறு அறுத்த பழைய கோடுகள். அது அழுத்தவில்லை. தடுக்கவும் இல்லை. சும்மா இருந்தது. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்க வந்ததுபோல் இருந்தது.

முற்றத்தில் ஷலேந்திராவின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

ஒரு சுழற்று போதும். எத்தனையோ முறை யோசிக்காமல் சுழற்றிய சக்கரம். டாக்டரின் கண்கள் கெஞ்சின. பை சுருங்கியது. பூட்ஸிலிருந்து வழிந்தது அவள் செருப்பை வந்து தொட்டது.

சக்கரத்தின்மேல் அவள் விரல் அசையவில்லை. அதன்மேல் இருந்த அந்தக் குளிர்ந்த கை எப்போதோ விலகியிருந்தது.