இடது தோள் புரூச்

நவம்பர் மாதம், மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கிளிஃபர்ட் வயலிலிருந்து வந்து, சேறு படிந்த பூட்ஸைப் பின்வாசலில் கழற்றினான். மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரைச் சுவரில் சாய்த்தான். பிறகுதான் கோட்டுப் பையிலிருந்த, உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் இரண்டு வெள்ளிப் புரூச்களையும் எடுத்து சமையலறை மேடையில் வைத்தான்.

உழுத மண்ணில் ஒரு முழ இடைவெளியில் கிடந்தவை. சிவப்புக் கல் பதித்தவை. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு ஆங்கிலோ-சாக்சன் பெண்ணோடு புதைத்தவை.

சட்டப்படி இரண்டையும் அருங்காட்சியக அதிகாரியிடம் காட்டியாக வேண்டும். ஒன்றை மட்டும் காட்டுவதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். மற்றது மனைவி மேவிஸுக்கு.

மண்ணிலிருந்து எடுத்ததைக் கழுவவே கூடாது என்பது டிடெக்டர்காரர்களின் பாலபாடம். அவசரத்தில் அவளுக்கானதைக் குழாயில் காட்டித் தேய்த்தான். ஊசியைச் சுற்றியிருந்த பழுப்பு நூல்பிசிறு தொட்டித் துளைக்குள் சுழன்று இறங்கியது.

"எந்தப் பொணத்துகிட்ட பறிச்சுட்டு வந்தே, கிழவா?" என்று சிரித்துக்கொண்டே மேவிஸ் அதை இடது தோளில் குத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் வலது கை அந்தத் தோளை விட்டு இறங்கவில்லை.

"என்னடி, வலிக்குதா?"

"துணி நழுவுது."

"பட்டனெல்லாம் போட்டுத்தானே இருக்கே?"

"இது இல்ல கிழவா. இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. கனமா... ஈரமா."

மூன்றாம் நாள் அவள் சாப்பிடவில்லை. உதடு நீலம் பாரித்தது. உடம்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வீடு முழுக்க, புதிதாகத் தோண்டிய குழியின் வாசனை.

நாலாம் நாள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, புரூச்சைக் கழற்றினான். இரண்டையும் எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு ஓடினான்.

அதிகாரி ஹிலரி, மேவிஸ் குத்தியிருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"கழுவிட்டீங்களா?"

"தெரியாம..."

"உங்களுக்கா தெரியாது? ரெண்டு தோள்லயும் குத்தினாத்தான் அந்தக் காலத்து அங்கி உடம்புல நிக்கும். இன்னொண்ணோட ஊசியில நூல் அப்படியே இருக்கு, பாருங்க. இந்தத் தோள்ல, புதைச்ச அந்தப் பொண்ணு உடுப்போட மிச்சமே அந்த நூல்தான். அதைப் போய் சாக்கடையில விட்டுட்டீங்களே!"

இரண்டையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டு அவன் வீடு திரும்பியபோது மேவிஸ் மேசை முன் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. இரண்டு கைகளும் வேலையில் இருந்தன.

"டீ போடவா, கிழவா?"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீ இரு, நான் போடறேன்" என்று கெட்டிலோடு குழாயடிக்குப் போனான்.

தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை.

துளையின் விளிம்பில் ஒரு பழுப்பு நூல் ஒட்டியிருந்தது.

பிடித்து இழுத்தான். வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். சில்லென்று, குழிவாசனையோடு, முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

பின்னால் வெண்ணெய்க் கத்தி கீழே விழுந்தது.

"இழுக்காதீங்க, ஐயா."

மேவிஸின் குரல்தான். முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவள் அவனை ஐயா என்றதில்லை.

மெல்லத் திரும்பினான். அவள் வலது கை இடது தோளை இறுகப் பிடித்திருந்தது.

"அவிழுது."